லாஜியை விழுங்கிய மைக்

மாசாய், ஜொகூர்
வெள்ளிக்கிழமை

பத்து பாகாட்டில் திரைச்சீலைக் கடையும் அதன் பின்னால் தையல் ஃபேக்டரியும் நடத்திவரும் என் தாய்மாமன், உயர்திரு கனகராஜ் அவர்களுக்கு,

தங்கச்சி மகன் தீபன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மா, தங்கச்சி லோஷினி, நான் மூவரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன்; தினமும் காலையில் நீங்கள் அனுப்பும் ரோஜாப்பூ படம் தவறாமல் வந்து சேருகிறது. இந்தக் காலத்தில் எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள். "லோஷினி உங்கள் கடைக்கு வரமாட்டாள்" என்று போன வாரம் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினேன். பதிலாகச் சூரியன் உதிக்கும் படம் ஒன்று வந்தது. போன் செய்தால் நீங்கள் மட்டும்தான் பேசுகிறீர்கள். கடிதத்தில் அது முடியாது. ஆகவே கடிதம். நாளைக்கே உங்கள் கையில் கிடைக்கப் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

சுற்றி வளைக்க எனக்கு நேரமில்லை. லோஷினியை ஏற்றிப்போக ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்ப வேண்டாம். அம்மா அவளுடைய துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டார் என்பது உண்மை. "அண்ணன் ஒரு சொல்லு சொன்னா அது நடக்கணும்" என்று அவர் சொன்னதும் உண்மை. ஆனால் பெட்டிதான் அடுக்கப்பட்டிருக்கிறது, லோஷினி அல்ல. அவள் வரமாட்டாள். உங்கள் கௌண்டரில் உட்கார ஆள் இல்லை, உட்காருகிற பிள்ளைகளும் தைக்கிற பிள்ளைகளும் நிலைத்து நிற்பதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்கு என் தங்கச்சி ஸ்பேர் பார்ட் இல்லை.

அவள் பட்டம் வாங்கி வந்த அன்று நீங்கள் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சோசியாலஜி படிச்சு என்னம்மா பண்ணப் போற? பேப்பர்ல அப்படி ஒரு வேலை போட்டு நான் பாத்ததே இல்லையே. டாக்டர்னா ஊசி போடுவாங்க, லாயர்னா கோர்ட்டுக்குப் போவாங்க. நீ என்ன, ஜனங்கள வேடிக்கை பாப்பியா? பேசாம கடைக்கு வந்துரு. ஏர்கோன் இருக்கு, குளுகுளுன்னு உக்காந்துக்கலாம்." நான் சொன்னேன்: தீபாவளிக்குள் அவளுக்கு வேலை வாங்கித் தருவது என் பொறுப்பு என்று. நான் ஏர்கோன் டெக்னீஷியன். ஒரு மெஷின் ஓடவில்லை என்றால் கோளாறு எங்கே என்று தேடுவேன், மெஷினைத் திட்டமாட்டேன். நல்ல பட்டம், நல்ல பிள்ளை, வேலை மட்டும் வரவில்லை என்றால் நடுவில் எங்கோ லைன் கட்டாகியிருக்கிறது என்று அர்த்தம். தேடினேன். மாமா, நீங்கள் வருத்தப்படக்கூடாது. கோளாறு உங்களிடம்தான் இருந்தது.

குளுவாங்கில் நடந்த கல்யாணத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வழக்கம்போல யாரும் கேட்காமலேயே நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். அந்த மைக் ஒயரில் லூஸ் கனெக்‌ஷன் இருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள் என்று நான் மேடைக்குக் கீழே நின்று சொன்னேன். "கொஞ்சம் ஆட்டிப் பிடிச்சா போதும்டா" என்றீர்கள். ஆட்டிப் பிடித்தீர்கள். பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்திவிட்டு, நம் குடும்பப் பெருமையாக, "என் தங்கச்சி மக லோஷினி, யூனிவர்சிட்டிக்குப் போயி சோசியாலஜி படிச்சு பட்டம் வாங்கிருக்கு" என்று அறிவித்தீர்கள். அதில் 'லாஜி' வருகிற நேரம் மைக் ஒரு கொர் சத்தம் போட்டு அதை விழுங்கிவிட்டது. மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது இதுதான்: "என் தங்கச்சி மக லோஷினி, யூனிவர்சிட்டிக்குப் போயி சோசிய... படிச்சு பட்டம் வாங்கிருக்கு." நீங்கள் கைதட்டலைப் பார்த்துப் பூரித்துப் போனீர்கள். அவர்கள் எதற்குத் தட்டினார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் முதலில் வந்தவர் எதிர்வீட்டுக் காளியம்மா ஆன்ட்டி. கையில் மகனுடைய ஜாதகம். அவர் மகன் மூர்த்தியை உங்களுக்குத் தெரியும், நம் வீட்டுக் கேட்டுக்கு வெல்டிங் வைத்தவன். "பாப்பா, இவன் எந்த ஃபேக்டரிலயும் நிக்க மாட்டேங்கிறான். மூணாவது இடம் மாத்திட்டான். எட்டுல சனி உக்காந்திருக்குன்னு ஸ்கூடாய்ல ஒருத்தர் சொன்னாரு. நீ யூனிவர்சிட்டில படிச்சவ, நீ பாத்துச் சொல்லு" என்றார். லோஷினி பொறுமையாக, "ஆன்ட்டி, நான் படிச்சது சோசியம் இல்ல, சோசியாலஜி" என்றாள். "அதான்மா, இங்கிலீஷ்ல சோசியம்" என்றார் அவர். நான் கதவைச் சாத்தப் போனேன். என் தங்கச்சி என்ன செய்தாள் தெரியுமா? காளியம்மா ஆன்ட்டிக்கு மைலோ கலக்கிக் கொடுத்து, ஜாதகத்தைத் தொடாமல், கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். மூர்த்தி எப்படி வேலைக்குப் போகிறான்? யாரோடு சாப்பிடுகிறான்? வேலையை விட்டபோது அவனோடு வேறு யார் விட்டார்கள்? ஆன்ட்டி யோசித்து யோசித்துச் சொன்னார்: அவனிடம் லைசென்ஸ் இல்லை, கூட வேலை செய்யும் சுப்ஹானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவான், சுப்ஹான் அடிக்கடி இடம் மாறுகிறவன். லோஷினி சிரித்தாள். "ஆன்ட்டி, உங்க மகன் வேலைய மாத்தல. சுப்ஹானோட மோட்டார்தான் போற எடத்த மாத்துது. மூர்த்திய லைசென்ஸ் எடுக்கச் சொல்லுங்க." ஆன்ட்டி எழுந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வெளியே போய் வரிசை வீடு முழுக்க, "கட்டத்தையே பிரிச்சுப் பாக்கல, மூஞ்சியப் பாத்தே சொல்லுது!" என்று அறிவித்துவிட்டார். அவருக்கு மைக் தேவையில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. வந்தவர்களில் பாதிப் பேருக்கு மகளின் கல்யாணம், மீதிப் பேருக்கு மகனின் வேலை. எனக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. வேலை தேடுகிற பிள்ளையின் பெயர் இப்படிக் கெட்டால் எந்த ஆபீஸ் கூப்பிடும்? ஆகவே ஒரு நல்ல பலகை வாங்கி, பெரிய எழுத்தில், "இங்கே சோசியம் பார்ப்பதில்லை. சோசியாலஜி மட்டும்" என்று எழுதி வாசலில் மாட்டினேன். தெளிவாகத்தானே இருக்கிறது? மறுநாள் கூட்டம் இரட்டிப்பானது. தெருமுனை ஜாஸிம், என் நண்பன், சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன், தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "அலமாக், தீபா! சும்மா சோசியம்னாலே சனம் வரும். நீ ஸ்பெஷல் ஐட்டம்னு போர்டு வேற மாட்டிட்ட லா!" பலகையைக் கழற்றி மெத்தைக்கு அடியில் போட்டுவிட்டேன். முதுகுக்கு நல்லதாக இருக்கிறது.

இனி வேலை தேடிய கதை. அவள் எழுதி வைத்திருந்த விண்ணப்பம் எனக்குத் திருப்தியாக இல்லை. எல்லாம் வாக்கியம் வாக்கியமாக இருந்தது. நான் அதை ஒரு டயகிராமாக மாற்றினேன். இடது பக்கம் உள்ளே போவது: மக்கள். நடுவில் பெட்டி: லோஷினி. வலது பக்கம் வெளியே வருவது: காரணம். கீழே, "எல்லாத் தட்பவெப்பத்திலும் இயங்கும்." அதைப் பல இடங்களுக்கு அவளைக் கேட்காமல் அனுப்பினேன். ஒரு கம்பெனி மட்டும் கூப்பிட்டது. இதை மாட்ட எவ்வளவு இடம் வேண்டும், சர்வீஸ் யார் செய்வார்கள் என்று கேட்டார்கள். லோஷினி என்னோடு பேசாமல் இருந்தாள். ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். உள்ளே நானும் போய் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்று அவளைக் கேட்டார்கள். அவள் வாய் திறப்பதற்குள் அவர்கள் தலைக்கு மேலிருந்த ஏர்கோனிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நடுவில் இருந்தவர் மண்டையில் விழுந்தது. நான் எப்படிச் சும்மா இருப்பேன்? "டிரெயின் பைப் அடைச்சிருக்கு சார், வேற ஒண்ணுமில்ல" என்று நாற்காலி மேல் ஏறி மூடியைக் கழற்றிக் காட்டினேன். மூவரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நேர்காணல் முடிந்தது. வேலை கிடைத்தது, மாமா. எனக்கு.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பாசீர் கூடாங் சாலை நெரிசலில் கார் நகரவே இல்லை. லோஷினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, நீ எனக்காக அலையறது தெரியுது. ஆனா நீ கோளாறு எங்கன்னு கேக்கறதே இல்ல. கேக்கறதுக்கு முன்னாடியே ஸ்குரூ டிரைவர எடுத்துடுற. அடுத்த இன்டர்வியூக்கு நீ கார்லயே இரு. ஜன்னலையும் ஏத்தி வெச்சுக்க." எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மாமா, அழுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. "உங்க கம்ப்ரஸர் போச்சு" என்று நான் கஸ்டமரிடம் சொல்கிற குரலில் சொன்னாள். இந்தப் பிள்ளை கௌண்டரில் உட்காரப் பிறந்ததில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

இந்த வாரம் திங்கட்கிழமை வந்தவர்தான் ஷாமளா அக்கா. ஸ்கூடாயில் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறார். ஆள் நிற்காத சின்னச் சின்ன ஃபேக்டரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும், பிடித்த ஆளை நிற்கவைக்க வழி சொல்வதும் அவர் தொழில். பாசீர் கூடாங் பக்கம் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஃபேக்டரி ஒன்றில் மாலை ஷிப்டுக்கு மட்டும் ஆளே தங்குவதில்லையாம். அதன் முதலாளி ஹேமநாதன், வாசலில் ராகு நிற்கிறது, நல்ல சோசியராகக் கூட்டிவாருங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து நிற்கிறார். நான் லோஷினியின் காதில், "சரின்னு சொல்லு, பெரிய பொட்டா வெச்சிட்டு உள்ள போ, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு, "அக்கா, எனக்குச் சோசியம் தெரியாது. படிக்கவும் இல்ல. ஆனா ஏன் ஆள் நிக்கலன்னு பாக்கற வேலைதான் நான் படிச்சது. கூட்டிட்டுப் போனா வரேன், சோசியர்னு சொல்லாம" என்றாள். ஷாமளா அக்கா நம்பிக்கையில்லாமல்தான் கூட்டிப் போனார். நான் கார் ஓட்டினேன். ஜன்னலை ஏற்றி வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், கேண்டீனுக்கு நேராகக் காரை நிறுத்தியதால் எல்லாம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலை இறக்கிவிட்டேன், கேட்கவும் கேட்டது. ஏர்கோன் கேஸ் தீர்ந்துவிட்டது என்று லோஷினியிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லவும்.

முதலாளி அவளைப் பார்த்ததும், "இந்தப் பிள்ளையா? எலுமிச்சம்பழம், சாம்பிராணி எதுவும் கொண்டு வரலையே?" என்றார். ஷாமளா அக்கா, "இவங்க வேற முறைல பாக்கறவங்க சார்" என்று சமாளித்தார். லோஷினி அதையும் விடவில்லை. "நான் சோசியர் இல்ல சார். சோசியாலஜி. ஷிப்ட் மாறுற நேரத்துல கேண்டீன்ல உக்காரணும், நீங்க மட்டும் அங்க இருக்கக்கூடாது" என்றாள். அவர் முகம் சுருங்கியது. இதுவும் போச்சு, ஞாயிற்றுக்கிழமை வேன்தான் என்று நினைத்துவிட்டேன். ஆனால் அவர் கேண்டீனை விட்டுப் போய்விட்டார். இவள் கையில் ஒரு கறிபஃப் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்தாள். எழுதிக்கொள்ளவில்லை. பேசினாள், சிரித்தாள், முக்கால்வாசி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மேசையில் ராசம்மா என்று ஒரு அக்கா, அன்றோடு வேலையை விடுகிறவர், நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா வேலைய விடுறீங்க? வேலை கஷ்டமா?"

"வேலையெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி. வர்றதுதான் கஷ்டம். நானும் ஃபரீஹாவும் ஒரே மோட்டார்ல வருவோம். வண்டி அவளோடது, வாய் என்னோடது. வழி பூரா பேசிட்டே வந்துருவேன். இப்ப அவளக் காலையில போட்டுட்டாங்க, என்ன மாலையில போட்டுட்டாங்க. நான் என்ன, பறந்தா வருவேன்?"

"யார் அப்படிப் போட்டது?"

"யாரும் போடல லா. புது கம்ப்யூட்டர் போட்டுச்சு. பேர் வரிசைப்படி."

அவ்வளவுதான், மாமா. ஃபேக்டரியில் புதிதாக வாங்கிய மென்பொருள் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் பெயர்களைப் பிரித்து, முதல் பாதியைக் காலைக்கும் அடுத்த பாதியை மாலைக்கும் போட்டிருக்கிறது. ஃபரீஹா காலை, ராசம்மா மாலை. இப்படி அங்கே ஒரே மோட்டாரில் வருகிற எத்தனையோ ஜோடிகள் பிரிந்திருக்கின்றன. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் உண்டு. மாலைக்குக் கிடையாது. அதனால் மாலையில்தான் ஆள் ஓடுகிறது. தொடர் இணைப்பில் போட்ட இரண்டு பல்பு மாதிரி: ஒன்றைக் கழற்றினால் இன்னொன்றும் அணைந்துவிடும். இது என்னுடைய பாடம். ஆனால் நான் அங்கே போயிருந்தால் முதலில் ஃபேக்டரி ஏர்கோனைத்தான் திறந்திருப்பேன்.

லோஷினி முதலாளியைக் கூப்பிட்டு இதைச் சொன்னாள். அவர் உடனே நம்பவில்லை. "அப்ப ராகு?" என்றார்.

"ராகுகிட்ட லைசென்ஸ் இருக்கா சார்?" என்றாள் இவள்.

ஷாமளா அக்கா டீயைத் துப்பிவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. நேராக உள்ளே போய் ராசம்மாவையும் ஃபரீஹாவையும் ஒரே ஷிப்டில் போடச் சொன்னார். மறுநாள் இருவரும் ஒரே மோட்டாரில் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, மீதிப் பேரையும் அப்படியே மாற்றச் சொல்லி ஷாமளா அக்காவுக்குப் போன் செய்தார். நேற்று மாலை அக்கா நம் வீட்டுக்கு வந்து, அம்மா முன்னாலேயே, "இந்தப் பிள்ளைய எனக்குக் குடுங்கம்மா" என்று கேட்டார். அக்கா பொண்ணு கேட்டு வந்திருக்கிறார் என்று அம்மா நினைத்து அவசரமாகக் குங்குமச் சிமிழைத் தேடியது தனிக்கதை. வேலை, மாமா. வேலை! சோசியாலஜி பட்டத்துக்கென்றே கொடுக்கப்பட்ட வேலை. ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போய், ஆட்களிடம் பேசி, ஏன் நிற்பதில்லை என்று கண்டுபிடிப்பது. நீங்கள் 'வேடிக்கை பார்ப்பது' என்று சொன்னீர்களே, அதேதான். கார்டில் பெயருக்குக் கீழே 'சோசியாலஜிஸ்ட்' என்று அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். கடைசி எழுத்துவரை.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன், வேன் வேண்டாம். அம்மா பெட்டியைப் பிரிக்காமல் உங்கள் வார்த்தைக்காகக் காத்திருக்கிறார். "அண்ணன் என்ன சொல்றாரோ" என்று காலையிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டார். நீங்கள் போன் செய்து 'சரி' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். பூ படம் போதாது. கௌண்டருக்கு வேறு ஆள் பாருங்கள். என் தங்கச்சி உங்கள் கடை வாசற்படியை மிதிக்கப் போவதில்லை. நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் மிதிக்க விடவும் மாட்டேன். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் எப்போதும் இப்படித்தான் எழுதுவேன்.

அத்தைக்கு என் அன்பு. அவர் முழங்கால் வலி குறைந்து, தீபாவளிக்கு முறுக்கு சுடும் தெம்பு வரவேண்டும் என்று வேண்டுகிறேன். உங்கள் வியாபாரம் செழிக்கட்டும். மண்டபங்கள் தோறும் உங்களுக்கு நல்ல ஒயர் அமையட்டும்.

தங்கள் மருமகன்,
தீபன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது லோஷினி வந்து நிறுத்தினாள். ஷாமளா அக்கா முதல் வேலைக்கான இடத்தை இப்போதுதான் போனில் அனுப்பியிருக்கிறார். பத்து பாகாட். திரைச்சீலை தைக்கிற ஃபேக்டரி. தைக்கிற பிள்ளைகள் நிற்பதில்லை, நன்றாகப் படித்த ஆளாக ஒருவரை அனுப்புங்கள் என்று முதலாளியே போன வாரம் கெஞ்சிக் கேட்டாராம். முதலாளி பெயர் கனகராஜ். நீங்கள் எங்களுக்கு மாமா என்பது அக்காவுக்குத் தெரியாது. நீங்களும் யார் வருகிறார் என்று கேட்கவில்லை. ஆகவே மேலே 'வேன் வேண்டாம்' என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை வேனைக் கட்டாயம் அனுப்பவும். பெட்டி தயாராகவே இருக்கிறது. அவள் கௌண்டரில் உட்காரமாட்டாள், பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தில் உட்காருவாள், அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கக்கூடாது. இன்னும் ஒன்று. "சோசியாலஜி படிச்ச பொண்ணு வருது" என்று இன்று ஷாமளா அக்கா உங்களிடம் சொன்னபோது போன் லைன் கொஞ்சம் கொர்ரென்றதாம். நீங்கள் உடனே, "ரொம்ப நல்லதாப் போச்சு, என் ஜாதகத்தையும் எடுத்து வெக்கிறேன்" என்றீர்களாம். ஜாதகம் வேண்டாம், மாமா. ஷிப்ட் அட்டவணையை எடுத்து வையுங்கள்.